அவரைக் கொடிக்கு எறும்புக் காவல்

முன்னொரு காலத்தில் மஞ்சநாட்டைக் கொற்றமாறன் என்ற ராஜா ஆண்டு வந்தான். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காலையில் அவன் கண்ணில் பட்டது சாயங்காலத்துக்குள் சட்டமாகிவிடும். அந்த ஜனங்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஒருநாள் அரண்மனைத் தோட்டத்தில் அவரைக்கொடி மேல் எறும்புகள் சாரைசாரையாக ஏறி இறங்குவதைப் பார்த்து, இவை என்ன செய்கின்றன என்று கேட்டான். தோட்டத்து அதிகாரி திருமேனியாருக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. கொடிக்குக் காவல் நிற்கின்றன, தங்கள் படைவீரர்களைப் போலவே என்றார். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எறும்பைக் கொன்றால் நிலம் பறிபோகும் என்று அன்றைக்கே தண்டோரா போட்டார்கள்.

அதில் முதலில் மாட்டியவள் காராயி. ஊருக்குக் கிழக்கே அரைக்காணியில் அவரை போட்டுப் பிழைப்பவள். போன வருஷம் அவள் தோட்டத்துக் காயை ருசி பார்த்த ராஜா, நம் தோட்டத்தில் ஏன் இப்படிக் காய்ப்பதில்லை என்று சபையிலேயே கேட்டுவிட்டான். அன்று பிடித்த வயிற்றெரிச்சல் திருமேனியாருக்கு. அவள் கொடியின் தூரில் சாம்பல் தூவி எறும்பை விரட்டுகிறாள் என்று தெரிந்ததும், செத்த எறும்புகளை வெற்றிலையில் மடித்து எடுத்துக்கொண்டு சபைக்கு வந்துவிட்டார். பெரிய மனிதர் செய்கிற வேலையா இது?

ராஜா நிலத்தைப் பறிக்கச் சொன்னான். காராயி அழவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் மகாராசா. அந்த எறும்பு எதுக்குக் காவல் நிக்குதுன்னு இங்க யாராச்சும் குனிஞ்சு பாத்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. குனிவது கூலியாட்கள் வேலை என்றார் திருமேனியார். எறும்பில்லாமலே செடி தேறும் என்று காட்ட, காராயி இருபது நாள் தவணையும் இரண்டு தொட்டிச் செடிகளும் கேட்டாள். செடி தேறாவிட்டால் அவளை நாட்டைவிட்டே துரத்த வேண்டும் என்றார் திருமேனியார். அதற்கும் சரி என்றாள். ராஜா வாக்குக் கொடுத்தான்.

இரண்டும் பேன் பிடித்த அவரைச் செடிகள். கடுகைவிடச் சின்னதாய், கருப்பாய், குருத்தில் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் பூச்சியைத்தான் ஊரில் பேன் என்பார்கள். ஒரு தொட்டியை எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள். இன்னொன்றிலிருந்த எறும்புகளை, ஒன்றுகூடச் சாகாமல், மயிலிறகால் தட்டி இறக்கினாள். அந்தத் தொட்டியை மாடு தண்ணீர் குடிக்கும் கல்தொட்டிக்கு நடுவே கல் போட்டு அதன்மேல் வைத்து, சுற்றிலும் தண்ணீர் நிரப்பினாள். எறும்புக்கு நீந்தத் தெரியாதே.

ஏழாம் நாள் தண்ணீருக்கு நடுவே நின்ற செடியில் கருப்பும் ஆரஞ்சுமாகப் புழுக்கள் ஊர்ந்தன. திருமேனியார் ஓடிப்போய் ராஜாவை அழைத்து வந்தார். காவல் இல்லாத செடியின் கதியைப் பாருங்கள் என்றார். ராஜா தொட்டியை உதைக்கக் காலைத் தூக்கிவிட்டான். காராயி குறுக்கே நின்றாள்.

"இருபது நாள்னு வாக்குக் குடுத்தது நீங்க. ஏழு நாள்லயே முடிஞ்சு போச்சா மகாராசா?"

ராஜா காலை இறக்கினான்.

இருபதாம் நாள் சபையே தோட்டத்தில் கூடியது. தண்ணீருக்கு நடுவே இருந்த செடியில் பேனும் இல்லை, புழுவும் இல்லை, பூ விட்டிருந்தது. எறும்பு காத்த செடி இலை சுருண்டு, கரி பூசியதுபோல் நின்றது. காவல் போதவில்லை, இன்னும் எறும்பு விட வேண்டும் என்றார் திருமேனியார். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்.

காராயி ராஜாவைக் குனியச் சொன்னாள். கிரீடம் இடித்தது. கழற்றிப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தான். ஓர் எறும்பு தன் உணர்கொம்பால் பேனின் முதுகைத் தட்டியது. பேன் ஒரு சொட்டு விட்டது. எறும்பு குடித்தது. அந்நேரம் ஒரு பொறிவண்டு வந்து உட்கார்ந்தது. மூன்று எறும்புகள் பாய்ந்து அதன் காலைக் கடித்து விரட்டின.

"காவல்தான் மகாராசா. செடிக்கு இல்ல, பேனுக்கு. நாம மாட்டைக் கறக்கறாப்ல அது பேனைக் கறந்து குடிக்குது. பேனைத் திங்க வர்ற வண்டை விரட்டுது. அன்னிக்கு நீங்க உதைக்கப் போனது அந்த வண்டோட குஞ்சுங்களை."

எறும்புகள் நம்மை ஏமாற்றிவிட்டன என்று திருமேனியார் முணுமுணுத்தார்.

"எறும்பு வாயே தொறக்கலையே. சொன்னது நீங்கதான்" என்றாள் காராயி.

ராஜா திருமேனியாரின் பதவியைப் பறித்தான். ஒரு வருஷம் தினமும் தோட்டத்தில் குனிந்து பார்த்து, பார்த்ததை மட்டும் வந்து சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டான். பிறகு, காராயியின் புத்திக்குப் பரிசாக அவள் நிலத்தைத் தருவதாக அறிவித்தான். சபை ஆஹா என்றது. காராயி கும்பிடவில்லை.

"அது என் நெலம் மகாராசா. எங்கிட்டப் பிடுங்கினதை எனக்கே பரிசாக் குடுத்தா நான் எதுக்குக் கும்பிடணும்? தப்புன்னு சொல்லுங்க, போதும்."

கிரீடத்தை வாங்க நீட்டிய கையை ராஜா இழுத்துக்கொண்டான்.

"தப்புத்தான்" என்றான்.

அப்புறம்தான் அவள் கும்பிட்டாள். இருபது நாளாகத் தண்ணீர் காணாத தோட்டத்தைப் பார்க்க வேகமாக நடந்தாள்.