தனித்தனியாகப் பாஸான மெஷின்

நரம்பில் மருந்து ஏற்றும் மெஷினுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிற கம்பெனி அது. டைரக்டர் தாண்டவமூர்த்தி சோதனைகளைத் தானே கையால் எழுதுவார். எல்லாம் பாஸானால் தேங்காய் உடைப்பார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். காண்ட்ராக்ட்டில் வந்த ஜெசிந்தாவோ, ஒவ்வொரு செட்டிங்கையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஜோடி சேர்த்துப் பார்க்கிற சோதனைகளை ஒரு புரோகிராமை விட்டு எழுத வைத்தாள். அதில் ஒன்று ஃபெயிலானது.

"கம்ப்யூட்டர் கக்கின குப்பை! என் சோதனையில ஓட்டை இருக்குன்னு என் வாயாலயே சொல்ல வை பார்ப்போம். முடியலேன்னா இன்னியோட கிளம்பு," என்றார் டைரக்டர், எல்லோர் முன்னாலும்.

ஜெசிந்தா மெஷினில் உப்புத் தண்ணீர் பாட்டிலை மாட்டினாள். "சட்டைக் கையை மடிங்க சார், உங்களுக்கே ஏத்திக் காட்டிடுவோம். குழந்தைக்கான டோஸ், பேட்டரியில ஓட்டம். ரெண்டும் நீங்க பாஸ் போட்டதுதானே?"

மடிக்கப் போன கை நின்றது. "ரெண்டையும் தனித்தனியாத்தானே பார்த்தேன்!"

ஜெசிந்தா குழாயை வாளிக்குள் விட்டு பட்டனை அமுக்கினாள். சொட்டுச் சொட்டாக விழ வேண்டியது மடமடவென்று கொட்டித் தீர்ந்தது.

காலையில் தேங்காய் உடைத்து அனுப்பிய முதல் மெஷின் குழந்தைகள் வார்டில் இருந்தது. டைரக்டர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

"இங்க கரண்ட் போயிருச்சு சார்," என்றாள் நர்ஸ். "கவலைப்படாதீங்க, உங்க மெஷின் பேட்டரியில ஜோரா ஓடுது."