அரண்மனை மியூசியத்துல கந்து தொலைஞ்ச கதை

ஒரே ஒரு ஊர்ல ஒரு பெரிய அரண்மனை இருந்துச்சாம். ராஜா போயாச்சு, ராணி போயாச்சு. அவங்க படமும் சிலையும் மட்டும்தான் மிச்சம். அதையெல்லாம் துடைச்சு அடுக்கி, வாசல்ல டிக்கெட் போட்டு, வந்து பாருங்கன்னு ஜனங்களுக்குத் தொறந்து விட்டுட்டாங்க. எங்க, ம் கொட்டு. கொட்டலைன்னா கதையை நிறுத்திருவேன், அத்தையைப் பத்தித் தெரியும்ல?

"ம்."

அந்த மியூசியத்துக்கு ஒரு அம்மா தன் ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிகிட்டு வந்தா. பெரியவ மரகதம், மூணாங்கிளாஸ். சின்னவன் கந்து, இன்னும் ஸ்கூலுக்கே போகலை. "தொடாதே! ஓடாதே! கத்தாதே!"ன்னு சொல்லிச் சொல்லியே அம்மாவுக்குத் தொண்டை கட்டிப் போச்சு. சின்னப் பிள்ளைங்களோட படம் பாக்கப் போறவங்க எங்க படத்தைப் பாக்கறாங்க? பிள்ளைங்களைப் பாக்கத்தான் சரியா இருக்கும்.

அப்புறம் சாயங்காலம் ஆச்சு. டாங்...னு முதல் மணி அடிச்சுது. மூணாவது மணி அடிச்சா எல்லாக் கதவையும் பூட்டிருவாங்க. அப்போ அம்மா சொன்னா, "மரகதம், வாசல்ல குடுத்த பையை வாங்கிட்டு வந்துர்றேன். அங்க ஒரே கூட்டம், இவன் நசுங்கிருவான். இங்கயே நில்லு. தம்பி கையை விட்றாத."

"சரிம்மா"ன்னா மரகதம்.

அவங்க நின்ன இடத்துல சுவர்ல ஒரு ராணி படம். அந்த ராணி கண்ணு இருக்கே, நீ எந்தப் பக்கம் போனாலும் உன்னையே பாக்கும். மரகதம் இந்தப் பக்கம் நகந்தா. ராணி பாத்தா. அந்தப் பக்கம் நகந்தா. ராணி பாத்தா. குனிஞ்சு, சடக்குன்னு நிமிந்தா. அப்பவும் ராணி அவளையே பாத்தா! தம்பியை இழுத்துகிட்டு இதெல்லாம் பண்ண முடியுமா? கையை விட்டுட்டா. ஒரே ஒரு நிமிஷம்தான்.

திரும்பிப் பாத்தா, கந்து இல்ல.

"எங்க போனான் அத்தை?"

அதைத்தானே சொல்றேன், எந்திரிக்காத, படு. மரகதம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாத்தா. அம்மாகிட்ட ஓடலாமா? ஓடிப் போய் என்னன்னு சொல்ல? அம்மா வர்றதுக்குள்ள கண்டுபுடிச்சிரணும்னு ஓடினா. தடதடதடன்னு ஓடினா.

முதல் கூடம், கூத்து முகமூடிங்க இருக்கிற கூடம். பல்லை இளிச்சுகிட்டு ஒண்ணு, நாக்கைத் தொங்கப் போட்டுகிட்டு ஒண்ணு. மத்த நேரமா இருந்தா அந்தப் பக்கமே போக மாட்டா. இப்போ ஒவ்வொரு முகமூடிக்கும் கீழ குனிஞ்சு, "கந்து... கந்து..."ன்னு கூப்பிட்டா. சத்தமே இல்ல.

ரெண்டாவது கூடம், வெண்கலச் சிலைங்க. ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் குட்டியா ஒரு தலை தெரிஞ்சுது. பாஞ்சு போய்ப் புடிச்சா. அது வேற யாரோ பெத்த பிள்ளை! "அம்மா, இந்த அக்கா புடிக்குது!"ன்னு வீல்னு கத்துச்சு. டாங்... டாங்... ரெண்டாவது மணி. அந்தக் கூடத்துல பட்டு பட்டுன்னு விளக்கை அணைச்சாங்க.

அப்புறம் முற்றத்துக்கு வந்தா. நடுவுல ஒரு தாமரைத் தொட்டி. அதோட ஓரத்துல, குட்டியா நீலக் கலர் செருப்பு. ஜோடியா. கந்துவோடது.

எங்க, ம் கொட்டலை?

"ம்..."

தண்ணி கருப்பா கெடக்கு. தரை தெரியலை. மரகதம் மண்டி போட்டுத் தோள் வரைக்கும் கையை விட்டா. சளக்... சளக்... எதுவோ வழவழன்னு விரலைச் சுத்துச்சு. ஐயோ, தம்பி கைன்னு பல்லைக் கடிச்சுகிட்டு இழுத்தா. தாமரைத் தண்டு! மறுபடி விட்டா. அதுவும் தண்டு. மூணாவது தடவை விட்டப்போ தரை தட்டுப்பட்டுச்சு. எல்லாப் பக்கமும் துழாவிப் பாத்தா. சேறுதான், வேற ஒண்ணும் இல்ல. அப்போதான் அவளுக்கு மூச்சே வந்துச்சு.

தொட்டிக்கு எதிர்ல மூணாவது கூடம். காவக்காரர் கிரீ...ச்சுன்னு கதவைச் சாத்திகிட்டு இருக்கார். டாங்! டாங்! டாங்! "அண்ணே, என் தம்பி!"ன்னு அவர் கைக்கடியில புகுந்து உள்ள ஓடினா. பாதி இருட்டு. நாற்காலியில உக்காந்த மாதிரி, ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைக்கல் தாத்தா. சுத்தி மரத் தடுப்பு. மேல பாத்தா யாரும் இல்ல. குனிஞ்சு பாத்தா, தாத்தா கால்ல குப்புற விழுந்து கெடக்கான் கந்து!

"டேய்! எந்திரிடா! கூப்பிடக் கூப்பிட ஏன்டா பேசலை?"

"கும்பிடறப்போ பேசக்கூடாது"ன்னு தரையைப் பாத்துகிட்டே சொன்னான். "தாத்தா இன்னும் நல்லா இருன்னு சொல்லலை. சொன்னாத்தான் எந்திரிப்பேன்."

நம்ம வீட்லயும் அப்படித்தானே? செருப்பை வெளிய விட்டுட்டுப் பெரியவங்க கால்ல விழுவோம். அவங்க வாழ்த்தின பிறகுதான் எந்திரிப்போம். கந்துவும் அதைத்தான் பண்ணினான். கல்லுத் தாத்தா எப்போ வாழ்த்தறது, இவன் எப்போ எந்திரிக்கறது?

"தம்பி, நான் பூட்டணும்பா. நானே சொல்றேன், நல்லா இரு"ன்னார் காவக்காரர்.

"நான் உங்க கால்ல விழலையே"ன்னுட்டு, கந்து தாத்தாவோட கட்டை விரலை இன்னும் இறுக்கிப் புடிச்சுகிட்டான்.

மரகதம் அவன் பக்கத்துல உக்காந்தா. "தாத்தாவுக்கு வாய் கல்லுடா. வராது. அவருக்குப் பதிலா நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்லலாம்."

"அம்மாதான் இல்லையே?"

"நான் இருக்கேன்ல. உனக்கு நான் பெரியவதானே?"

கந்து ஒரு கண்ணால பாத்தான். யோசிச்சான். அப்புறம் தலையை அவ பக்கம் நீட்டினான். ஈரக் கையை அவன் தலையில வச்சா. "நல்லா இருடா... நூறு வயசு..." குலுங்கிக் குலுங்கி அழுதா பாவம்.

கந்து டக்குன்னு எந்திரிச்சுட்டான்.

வெளிய அம்மா பையும் கையுமா அலறிகிட்டு ஓடி வந்தா. மரகதம் எதையும் மறைக்கலை. முதுகுல பளார்னு ஒண்ணு விழுந்துச்சு. அப்புறம் அதே கையால அம்மா ரெண்டு பேரையும் இழுத்துக் கட்டிகிட்டா.

பஸ்ஸுல ஏறினதும் கந்து அக்கா மடியில சாஞ்சுகிட்டுக் கேட்டான், "அக்கா, அழுதுகிட்டே நல்லா இருன்னு சொன்னா பலிக்குமா?"

"அப்படிச் சொன்னாத்தான்டா பலிக்கும்"னா மரகதம்.

ம் கொட்டு.

...

கொட்டலையா? சரி, கந்துவும் தூங்கிட்டான், கதையும் தூங்கிருச்சு. நீயும் தூங்குடி தங்கம். நல்லா இரு.