நிலம் கேட்கும் சேந்தனும் அவன் முயலும்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிற சிரிப்பு. ஆனால் அது இப்போது வராது. கெஞ்சினாலும் தர மாட்டேன். முதலில் கோட்டை, பிறகு காது, அதற்கப்புறம்தான் முயல். பொறுத்துக் கேளுங்கள்.

வெகு காலத்துக்கு முன்னால் கருங்குன்றம் என்ற மலைமேல் ஒரு கோட்டை இருந்தது. அதை வில்லவராயர் என்ற அரசர் ஆண்டுவந்தார். அவருக்குப் புலியிடம் பயமில்லை. யானையிடம் பயமில்லை. ஆற்றுக்கு அக்கரையில் பாளையம் இறங்கியிருந்த பகைவரின் வேலிடமும் பயமில்லை. அவர் பயந்தது மண்வெட்டிக்குத்தான்.

காரணம் இருந்தது. அவருடைய பாட்டனார் காலத்தில் பகைவர் மதிலுக்கு அடியில் சுரங்கம் வெட்டிக்கொண்டே வந்து, ஒரு நாள் காலையில், பாட்டனார் பல் துலக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே தலையை நீட்டினார்களாம். "வாயைக் கொப்பளிக்கக்கூட நேரம் தரவில்லை, பாவிகள்!" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம் பெரியவர்.

அதனால் வடக்கு மதிலோரம் ஒருவனைக் குடிவைத்திருந்தார்கள். அவன் பெயர் சேந்தன். அவன் வேலை நிலத்தைக் கேட்பது.

நண்பகலில் ஊர் உண்டு உறங்கும். உரல் நிற்கும், உலக்கை நிற்கும், குழந்தை அழுகையும் நிற்கும். அப்போது சேந்தன் ஒரு காதைத் தேன்மெழுகால் அடைத்துக்கொள்வான். மற்றக் காதைத் தரையில் வைப்பான். கண்ணை இறுக மூடிக்கொள்வான். நிழல் மதிலைத் தொடும்வரை அப்படியே கிடப்பான். எறும்பு ஊர்ந்தால் தெரியும். வேர் தண்ணீர் குடித்தால் தெரியும் என்றுகூடச் சொல்வார்கள். அதை நான் நம்பவில்லை, நீங்கள் வேண்டுமானால் நம்புங்கள்.

அவன் குடிசையைச் சுற்றி நாற்பது அடி தூரத்தில் வெள்ளைக் கற்கள் பதித்திருந்தார்கள். அந்தக் கற்களைத் தாண்டி யாரும் வரக்கூடாது, பேசக்கூடாது. அரசரின் ஆணை அது.

சமையற்கட்டு நங்கை அந்தக் கல்லருகே கலயத்தை வைத்துவிட்டு விரலைக் காட்டுவாள். ஒரு விரல் என்றால் குழம்பு. இரண்டு விரல் என்றால் மோர். மூன்று விரல் என்றால் இன்று ஒன்றுமில்லை, வெறும் சோறு. சேந்தன் கையைக் கூப்புவான். அந்த மதிலோரத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக அவன் மனிதரோடு பேசிய பேச்சு அவ்வளவுதான். சில நாள் தன் பெயரைத் தானே மெல்லச் சொல்லிப் பார்ப்பான், குரல் இருக்கிறதா என்று.

என்ன, சிரிப்பைக் காணோமா? வரும்.

ஆண்டுக்கு ஒருமுறை, தை முதல் நாளில், சேந்தன் அரசவைக்குப் போகலாம். பன்னிரண்டாம் ஆண்டில் போனவன், "அரசே, எனக்கு ஒரு துணை வேண்டும்" என்று கேட்டான்.

"நாய் கொடுக்கலாமே" என்றார் அமைச்சர்.

"குரைக்கும்" என்றார் அரசர்.

"கிளி?"

"பேசும்."

"யாராவது ஒரு மனிதன்?"

"இருமுவான்!" என்றார் அரசர்.

அப்போது கடல் கடந்து வந்த ஒரு வணிகர், அரசருக்கென்று கொண்டுவந்த வெள்ளை முயல்களில் ஒன்றைக் காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். குரைக்காது, பேசாது, இருமாது. சேந்தனுக்கு அது கிடைத்தது. அதன் கூட்டாளிகள் அரண்மனைத் தோட்டத்துக்குப் போயின.

சேந்தன் மூங்கிலால் கூடு செய்தான். அடியில் பலகை பொருத்தினான். தான் காது வைத்துப் படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில், கூட்டைத் தரையில் வைத்தான். புல் போட்டான். முயல் தின்பதைப் பார்த்துக்கொண்டே தானும் தின்றான். பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறான்! அன்றைக்கு மூன்று விரல் சோறுதான். இருந்தாலும் இனித்தது.

சில நாள் போயிற்று. ஒரு நண்பகலில் காதைத் தரையில் வைத்தவனுக்கு ஒரு சத்தம் கேட்டது.

கர் கர் கர். கொஞ்சம் நிறுத்தம். கர் கர்.

தோண்டுகிறார்கள்!

தலையைத் தூக்கினான். சத்தம் இல்லை. முயல் சாதுவாக உட்கார்ந்து மூக்கை ஆட்டிக்கொண்டிருந்தது. மறுபடி படுத்தான், கண்ணை மூடினான். கர் கர் கர். நிறுத்தம். கர் கர்.

உங்களில் சிலர் இப்போதே இளிக்கிறீர்கள். தெரிந்துவிட்டதா? தெரிந்தால் மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சேந்தனுக்கு இன்னும் தெரியாது.

சேந்தன் ஆபத்துக்கென்று குடிசை வாசலில் தொங்கிய பறையை அடித்தான். வண்டன் என்பவன் தலைமையில் கடப்பாரை ஆட்கள் ஓடிவந்து வடக்கு மதிலோரம் ஆளுயரக் குழி வெட்டினார்கள். ஒரு மக்கிய வேர் கிடைத்தது. வண்டன் வெள்ளைக் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று, வேரைத் தூக்கிக் காட்டி, அதன் தலையைச் சீவுகிறமாதிரி கையை வீசினான். பேசக் கூடாதே! ஆட்கள் தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டு போனார்கள்.

குடிசைக்குள் வந்த சேந்தன் கூட்டைப் பார்த்தான். பலகை நார்நாராகக் கிழிந்திருந்தது. முயலின் நகத்தில் மரத்தூள்.

"அடடா, உனக்கும் கேட்டுவிட்டதா?" என்று கிசுகிசுத்தான். "பகைவன் வருகிறான் என்று ஓடப் பார்க்கிறாயா? பயப்படாதே."

முயல் ஓடிவிடக் கூடாது என்று பலகைமேல் ஒரு கல்லை வைத்துத் தளம் போட்டான். மறுநாள் நண்பகலில் சத்தம் மாறியிருந்தது. சரக் சரக் சரக். நிறுத்தம். சரக் சரக்.

"பாறையை எட்டிவிட்டார்கள்!"

மறுபடி பறை. மறுபடி கடப்பாரை. இந்த முறை வண்டன் ஆழமாகவும் நீளமாகவும் வெட்டினான். குழி மண்ணுக்கடியிலேயே போய்ச் சமையற்கட்டுக்குள் திறந்துகொண்டது. நங்கையின் ஆட்டுக்கல் தொபீரென்று உள்ளே இறங்கிவிட்டது.

"வரட்டும், அந்தப் பகைவர் வரட்டும்!" என்று நங்கை கத்தினாள். "வந்து என் ஆட்டுக்கல்லைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அப்புறம் கோட்டையைப் பிடிக்கட்டும்!"

கூட்டில் முயலின் நகம் உடைந்து ரத்தம் கசிந்திருந்தது. சேந்தன் மஞ்சள் அரைத்துப் பூசினான். கல்லை எடுத்துவிட்டு வழவழப்பான செப்புத் தகட்டை விரித்தான். கீறினால் கசக்கட்டும் என்று தகட்டின்மேல் வேப்பிலைச் சாந்தும் தடவினான். முயல் சாந்தை முழுவதும் நக்கித் தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று பார்த்தது.

அடுத்த நண்பகல். கிணிங் கிணிங் கிணிங். நிறுத்தம். கிணிங் கிணிங்.

"இரும்புக் கருவி கொண்டுவந்துவிட்டார்கள்!"

மூன்றாம் முறையும் பறை. மூன்றாம் முறையும் குழி. மூன்றாம் முறையும் ஒன்றுமில்லை. தூக்கிவைத்த ஆட்டுக்கல் மறுபடி உள்ளே இறங்கியதுதான் மிச்சம்.

அரசர் ஓலை அனுப்பினார். "நாளை நண்பகல் நானே வந்து நிற்பேன். சத்தம் வரும் இடத்தை எனக்குக் காட்டு. காட்ட முடியாவிட்டால் கோட்டை வாசலைத் தாண்டிப் போய்விடு. திரும்பி வராதே."

சேந்தன் ஓலையை மடித்து இடுப்பில் செருகினான். வாசலுக்கு வெளியே பகைவர் வேல் இருக்கிறது, அது போகட்டும். இங்கே கோட்டைக்குள் இத்தனை பேர் இருந்தும் அவனுக்கு யாருமில்லை. வெளியே போனால் தூரத்திலிருந்து விரல் காட்டக்கூட ஆள் இருக்காது. மிச்ச நாள் முழுக்க அவன் மதிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் அரசர் வந்தார். வெள்ளைக் கற்களுக்கு அப்பால் நின்றார். பின்னால் வண்டனும் ஐம்பது ஆட்களும். ஒருவரும் மூச்சுவிடவில்லை.

சேந்தன் படுக்கப்போனான். இதுதான் கடைசி என்று தோன்றியது. முயலைக் கூட்டில் விட்டுவைக்க மனம் வரவில்லை. கதவைத் திறந்துவிட்டான். காதில் மெழுகை அடைத்தான், மற்றக் காதைத் தரையில் வைத்தான், கண்ணை மூடினான்.

ஒன்றும் கேட்கவில்லை.

இன்னும் அழுத்தி வைத்தான். கர் இல்லை, சரக் இல்லை, கிணிங் இல்லை. மண் மண்ணாக இருந்தது.

அப்போது விலாவின்மேல் ஏதோ மெத்தென்று ஏறியது. ஏறி, சுரண்டியது. மூன்று சுரண்டல். நிறுத்தம். இரண்டு சுரண்டல்.

சேந்தன் கண்ணைத் திறந்தான். முயல் நிறுத்திவிட்டு அவன் கண்ணைப் பார்த்தது. மூடினான், சுரண்டியது. திறந்தான், நிறுத்தியது. மூடினான், சுரண்டியது.

பன்னிரண்டு ஆண்டுக் காது அது. தாளம் தவறுமா?

எழுந்து உட்கார்ந்தான். தூரத்தில் அரசர் கையை விரித்து, 'என்ன?' என்றார். ஒரு வார்த்தை போதும். 'ஓடிவிட்டார்கள்' என்றால் போதும். குழி வெட்டியதைக் கண்டு பகைவர் பயந்து போனார்கள் என்று நாளைக்கே பரிசு கொடுப்பார்கள். சேந்தன் முயலைப் பார்த்தான். அது அவன் மடியில் ஏறிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு ஆண்டாக ஒருவரும் பேசாத அந்த இடத்தில் அவன் உரக்கச் சொன்னான்: "அரசே! தோண்டியது என் முயல்!"

அரசர் வெள்ளைக் கல்லைத் தாண்டி வந்தார். கூட்டைப் புரட்டினார். கீறல் விழுந்த தகட்டை எடுத்துப் பார்த்தார், மூலையில் கிடந்த கல்லைப் பார்த்தார், நாரான பலகையைப் பார்த்தார். "பாறையாம்… இரும்பாம்…" என்று முணுமுணுத்தார். முதலில் மீசை ஆடியது. பிறகு தோள் ஆடியது. பிறகு வயிறு!

இதோ, நான் சொன்ன சிரிப்பு. சிரித்துக்கொள்ளுங்கள். அரசர் சிரித்தார். வண்டன் கடப்பாரையைப் போட்டுவிட்டுச் சிரித்தான். ஐம்பது பேரும் புரண்டார்கள். சமையற்கட்டிலிருந்து நங்கை, "முயலா? என் ஆட்டுக்கல்லுக்கு ஒரு முயலா பதில் சொல்லும்?" என்று கத்தினாள், சிரித்துக்கொண்டே.

சேந்தனும் சிரித்தான். பழக்கம் விட்டுப்போனதால் விக்கல்போல வந்தது. பிறகு முயலை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தான்.

"எங்கே போகிறாய்?" என்றார் அரசர்.

"வாசலுக்கு, அரசே. ஓலை வந்ததே."

அரசரின் சிரிப்பு அடங்கியது. "ஓலை கிடக்கட்டும், உட்கார்" என்றார். தாமும் மண்ணில் உட்கார்ந்தார். முயலின் உடைந்த நகத்தைத் தடவிப் பார்த்தார்.

"நீ கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது அரை நாழிகையோ ஒரு நாழிகையோ. அதையே தாங்காமல் இது பலகையைக் கிழித்து, கல்லைக் கீறி, நகத்தை உடைத்துக்கொண்டிருக்கிறது" என்றார். "சேந்தா, பன்னிரண்டு ஆண்டு நீ எதைக் கீறிக்கொண்டிருந்தாய்?"

தன்னைப்போலவே முயலும் துணைக்கு ஏங்கித்தான் கீறியது என்று அப்போதுதான் சேந்தனுக்கு விளங்கியது. முயலின் முதுகில் கையை வைத்துக்கொண்டு, இத்தனை பேர் பார்க்க, அவன் அழுதான்.

அடைபட்ட உயிர் ஓயாமல் தரையைக் கீறினால், தரையைக் கெட்டியாக்கிப் பயனில்லை, பக்கத்தில் போய் உட்காருங்கள்.