குப்புறக் கிடந்த தவ்வை

நல்லபெருமாளுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருடைய குருவுக்கு நாற்பதுகூட இருக்காது. ஊரில் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று அவர் தினமும் மடத்துக்குப் போய்வந்தார்.

ஒருநாள் கேட்டார்.

“சாமி, மூதேவின்னா என்ன அர்த்தம்?”

“யாரைச் சொன்னீங்க?”

குருவுக்கு இப்படி ஒரு பொல்லாத பழக்கம். கேள்வியை விட்டுவிட்டுக் கேட்டவரைப் பிடித்துக்கொள்வார்.

“எங்க அக்காவை. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பினேன். எதிர்ல வந்துட்டா. தாலியறுத்தவ. ‘மூதேவி, இப்பத்தான் வரணுமா’ன்னுட்டேன். தாயில்லாத என்னை இடுப்புல தூக்கி வளர்த்தவ, சாமி. அதுலேருந்து நான் வெளியே கிளம்பினா அடுப்படிக் கதவைச் சாத்திக்கிறா. தெருவுல இறங்கின பிறகுதான் திறக்கிறா.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பார்க்கப் பாவமாக இருந்தது.

குரு அவரை மடத்துக் குளத்துக்குக் கூட்டிப்போனார். படித்துறை ஓரம் துணி துவைக்கிற கல் ஒன்று கிடந்தது. இருவரும் கடப்பாரை போட்டு நெம்பி அதைப் புரட்டினார்கள். அடியெல்லாம் சேறு. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் ஒரு பெண் தெய்வம். பருத்த வயிறு, பக்கத்தில் காக்கைக் கொடி.

“யாரு சாமி இது?”

“மூதேவி. மூத்த தேவி. லட்சுமிக்கு அக்கா. தவ்வைன்னும் பேரு. தவ்வைன்னாலே அக்காதான். ஒரு காலத்துல கும்பிட்டிருக்காங்க. அப்புறம் ஆகாதவன்னு தூக்கிப் போட்டுட்டாங்க.”

நல்லபெருமாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“அப்ப நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே! சாமி பேரைத்தானே சொல்லியிருக்கேன்! இப்பவே போய் அக்காகிட்ட சொல்லிடறேன்.”

ஈர வேட்டியோடு விறுவிறுவென்று படியேறினார்.

“கொஞ்சம் நில்லுங்க.”

நின்றார்.

“சின்ன வயசுல அக்காவை அடிச்சிருக்கீங்களா?”

“அடிச்சிருக்கேன். கடிச்சும் வச்சிருக்கேன்.”

“அடிச்சுட்டு என்ன செய்வீங்க?”

“அவ மடியிலேயே விழுந்து அழுவேன்.”

“அன்னைக்கெல்லாம் அர்த்தம் கேட்டு யார்கிட்ட போனீங்க?”

நல்லபெருமாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.