சிந்தாத தண்ணீர்

தூத்துக்குடியில் குங்ஃபூ கற்பித்த மாஸ்டர் ஜெயவீரன் சீனாவைப் படத்தில் மட்டும் பார்த்தவர். ஆனாலும், பயிற்சியின்போது தண்ணீர் குடிப்பது கோழைத்தனம் என்பது சீனத்து ரகசியம் என்பார். எல்லோருடைய பாட்டில்களையும் வாங்கிப் பூட்டிவிட்டு, தான் மட்டும் நிழலில் இளநீர் குடிப்பார்.

ஒருநாள் உப்பளத் தொழிலாளி லூர்து, "நாக்கு வறளுது மாஸ்டர்" என்றான். மாஸ்டருக்குக் கோபம் தலைக்கேறியது.

அவனை வெயிலில் குதிரை நிலையில், அதாவது நாற்காலி இல்லாமலே உட்கார்ந்தாற்போல நிறுத்தி, இரண்டு தொடைகளிலும் தண்ணீர்க் கிண்ணங்களை வைத்தார். "ஒரு மணி நேரம்! ஒரு சொட்டு தரையில விழுந்தாலும் வகுப்பை விட்டு வெளிய போயிரணும்."

அவர் இளநீருக்குத் திரும்பியதும் லூர்து இரண்டு கிண்ணங்களையும் குடித்துத் தீர்த்தான். அவற்றைத் தொடையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

"தண்ணி எங்கலே?"

"தரையில பாருங்க மாஸ்டர், ஒரு சொட்டு கெடக்கா?"

வகுப்பே சிரித்தது. "இதெல்லாம் ஒரு வித்தையா? நான் நிக்கிறதப் பாரு!" என்று மாஸ்டர் நிறைந்த கிண்ணங்களோடு நின்றார். இரண்டாவது நிமிடம் தொடை நடுங்கியது. மூன்றாவது நிமிடம் தரை நனைந்தது.

லூர்து மிகுந்த பணிவோடு மாஸ்டரின் செருப்புகளை எடுத்து, வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தான்.