வெந்நி குற்றாலிங்கம்

“இந்தப் பேரை எப்படியாவது போக்கிருங்கம்மா” என்று கல்யாணப் பத்திரிகைக் கட்டைச் சாமியம்மா முன்னால் வைத்தார் குற்றாலிங்கம்.

அவர் ஊரில் ஆறு குற்றாலிங்கம். அதனால் பத்திரிகையில்கூடப் பட்டப்பெயரோடுதான் அச்சடிப்பார்கள். மற்றவர்களுக்குப் ‘பனங்காய்’, ‘ஒத்தைமாடு’ என்று சாதுவாக வாய்த்தது. இவருக்கு வாய்த்தது ‘வெந்நி’. கிட்டப் போனால் கொப்பளித்துவிடும் என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது.

மகள் செண்பகத்துக்கு இன்னும் பதினைந்து நாளில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வெளியூர். பெண்ணின் அப்பாவுக்கு இப்படி ஒரு பேர் என்றால் என்ன நினைப்பார்கள்? மனுஷன் தவித்துப் போயிருந்தார்.

ஊரே யோசனை கேட்டுப் போகும் சாமியம்மா, அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆற்றங்கரை மடத்தில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

“ஊர்ல பத்திரிகை வச்சாச்சா அண்ணாச்சி?”

“இல்லம்மா.”

“வீட்டுக்கு வீடு போய் வைங்க. ‘நான் என்னைக்கு உங்களைச் சுட்டேன்’னு கேளுங்க. பதில் பேசாதீங்க. ஞாபகம் இல்லைன்னு சொல்ற வீட்ல பேரு போயிரும்.”

இதென்ன பிரமாதம் என்று கிளம்பினார்.

எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

டீக்கடைக்காரர் சர்க்கரை குறைந்ததற்காகப் பறந்த டம்ளரைச் சொன்னார். ஒரு பெண், கோயில் வரிசையில் கைக்குழந்தையோடு அவரிடம் திட்டு வாங்கியதிலிருந்து கொடைத் திருவிழாவுக்கே போவதில்லை என்றாள். முதல் தெருவில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். மூன்றாவது தெருவில் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

கடைசியில் வீட்டுக்கு வந்து, விளையாட்டாகத்தான் செண்பகத்திடமும் கேட்டார்.

அவள் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“ஒருநாள்னு இல்லப்பா. உங்க செருப்புச் சத்தம் கேட்டா நானும் அம்மாவும் பேச்சை நிறுத்திருவோம். சின்னப் பிள்ளைல இருந்தே.”

மறுநாள் மடத்துக்குப் போனார்.

“பேரு போச்சா அண்ணாச்சி?”

“அது கெடந்துட்டுப் போகுதும்மா. இன்னும் பதிமூணு நாளுதான் அவ என் வீட்ல. செருப்புச் சத்தம் கேட்டா பேச்சு நிக்கக்கூடாது. அதுக்கு வழி சொல்லுங்க.”

சொல்லும்போதே அழுதுவிட்டார்.

சாமியம்மா ஒரு கட்டுக் கீரையை அவர் கையில் கொடுத்தார்.

“அவங்க பக்கத்துல உக்காந்து ஆயுங்க. நீங்க பேச வேண்டாம்.”

தினமும் ஒரு கட்டோடு வீட்டுக்குப் போனார். முதல் நாள் மூன்று பேரும் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள், இலையை எறிந்துவிட்டுத் தண்டைச் சேர்க்கிறீர்களே என்றாள் மனைவி. சுருக்கென்றது. விழுங்கிக்கொண்டு எறிந்ததைப் பொறுக்கினார். செண்பகம் சிரித்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், கீரையும் கையுமாக வந்து வாசலில் செருப்பை உதறினார்.

உள்ளே பேச்சு நிற்கவில்லை.

குற்றாலிங்கம் உள்ளே போகாமல் கேட்டுக்கொண்டே நின்றார்.