புண்ணாக்கு வாசம்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, மாடு பேசுனா மனுசன் வாய மூடிக்கிட்டுக் கேட்ட காலத்துல, மருக்கொழுந்துன்னு ஒருத்தி இருந்தா. சந்தையில அத்தர் விப்பா. வித்ததவிட நடிச்சுக் காட்டுனதுதான் அதிகம். ராஜா தும்முறது, மந்திரி ஏப்பம் விடுறது, எல்லாம் அச்சு அசலா வரும்.

அவ புருசன் சடையாண்டி, எள்ளுச் செக்கு ஆட்டுறவன். ஒருநா அவளுக்குக் கூழு கொண்டாந்தான். கூட்டத்தப் பாத்ததும் இவளுக்கு வாய் சும்மா இருக்குமா? மூக்கப் பிடிச்சுக்கிட்டு, அவன மாதிரியே முதுக வளைச்சு, "புள்ளே... கூழு கொண்டாந்தேன் புள்ளே..."ன்னு இழுத்தா. "எட்டி நில்லு மாமா! உன் புண்ணாக்கு நாத்தத்துல என் அத்தரே மயக்கம் போட்டுரும்!"

சந்தையே சிரிச்சுச்சு. சடையாண்டி சிரிக்கல. கலயத்த வச்சான், தலையக் குனிஞ்சான், போயிட்டான்.

கூட்டத்துல ஒரு மந்திரவாதி நின்னான். "உனக்கு வேணாம்னா எனக்குச் செக்குமாடு ஆச்சு!"ன்னு விரலச் சொடுக்குனான். சடையாண்டி வெள்ளை மாடாகி, மந்திரவாதி கொட்டகையில, அவன் முன்னாடியே மாடாக்கி வச்ச மத்தவங்களோட போய் நின்னான். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே கொம்பு.

மருக்கொழுந்து கொட்டகைக்கு அலறியடிச்சு ஓடுனா.

"வாசனைக்காரிதானே? மூணு தடவை மோந்து பாத்து உன் புருசன் எதுன்னு சொல்லு. தப்புனா காலத்துக்கும் மாடுதான்"னான் அவன்.

ஒண்ண மோந்தா. அத்தர் வாசம். "இதுதான்!" "இல்ல." இன்னொண்ண மோந்தா. அத்தர் வாசம். "இதுதான்!" "இல்ல." அவ மூக்கு பூரா அவ அத்தரே அப்பிக் கெடந்துச்சு!

வைக்கோல்ல உக்காந்து அழுதா. தூணுல ஒரு அந்துப்பூச்சி, இறகு மாதிரி மீசைய ஆட்டிக்கிட்டு, "அக்கா, உன் மூக்குல கூட்டிப் பெருக்குறவங்க யாருமில்லியா?"ன்னுச்சு.

"என்ன கூட்டுறவங்க?"

"என் மீசைக்குள்ள பொடிப்பொடியா இருக்காங்களே! எங்கயோ இருக்குற என் பொண்டாட்டி வாசம் வந்து ஒட்டும். சேதி தெரிஞ்சதும் அத அவங்க மென்னு தீத்துருவாங்க. அப்பதான் அடுத்த வாசம் புதுசாத் தெரியும், அவ கிட்டயா எட்டயான்னு. இல்லாட்டி பழசே ஒட்டிக்கிட்டு, உன்ன மாதிரி முழிச்சுக்கிட்டு நிப்பேன். விஷ வாடையக்கூட முறிச்சுருவாங்க."

"சாமி, கொஞ்சம் பேர என் மூக்குக்கு அனுப்பேன்!"

"அனுப்புறேன். ஆனா வாசத்தத்தான் தின்பாங்க. சந்தையில நீ சொன்ன சொல்லத் தின்னமாட்டாங்க. அது உன் பாடு."

அவளுக்கு நாக்கப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

பூச்சி அவ மூக்குல மீசைய உரசுச்சு. நறுக் நறுக் நறுக்! அத்தர் போச்சு. வைக்கோல் மணந்துச்சு, சாணி மணந்துச்சு, அதுக்குப் பின்னால லேசா... புண்ணாக்கு! அந்த வாசத்தப் பிடிச்சுக்கிட்டே நடந்தா. கடைசியில நின்ன மாட்டுக்கிட்ட போனா, அது பின்னால போச்சு. இன்னும் கிட்ட போனா, இன்னும் பின்னால போச்சு. அவ சொன்ன மாதிரியே எட்டி எட்டி நின்னுச்சு, தலையக் குனிஞ்சுக்கிட்டு.

மருக்கொழுந்துக்கு மானமே போச்சு. ஓடிப்போய்க் கழுத்தக் கட்டிக்கிட்டு, "இதுதான் என் மாமா!"ன்னு கத்துனா. மந்திரம் படார்னு உடைஞ்சுச்சு. மாடெல்லாம் மனுசங்க ஆனாங்க, மந்திரவாதி மாடானான்.

அடுத்த சந்தையில, அதே கூட்டத்துக்கு நடுவுல, மருக்கொழுந்து தன்னையே நடிச்சுக் காட்டுனா. மூக்கப் பிடிச்சா, அதே சொல்லச் சொன்னா. யாருக்கும் சிரிப்பு வரல. "தப்புப் பண்ணிட்டேன் மாமா"ன்னு எண்ணெய்ப் பிசுக்குப் பிடிச்ச அவன் கையில முகத்தப் புதைச்சா.

சடையாண்டி மெதுவா இன்னொரு கையால மூக்கப் பிடிச்சான். "எட்டி நில்லு புள்ளே! அத்தர் நாத்தம் தாங்கல!"

சந்தை குலுங்கிச்சு. தலை நிமிராமயே அவளும் சிரிச்சா. அவங்க கூழு குடிச்சாங்க, நாம கதை குடிச்சாச்சு!